குதிரையின் விலை எதில் இருக்கிறது?

(ஒரு விவசாய டிமான்ஸ்டிரேட்டரின் அபிப்பிராயம்)

விவசாயத்தைச் சார்ந்த உபதொழில்களைப் பற்றி இப்பத்திரிகையில் மாதந்தோறும் கட்டுரைகள் வெளிவருகின்றன. கறவை மாட்டைப் பற்றியும், கோழியைப் பற்றியும், தேனீயைப் பற்றியும் எழுத நண்பர்கள் பலர் இருக்கிறார்கள். குதிரையைப் பற்றி எழுதுவார் இல்லை. ஆயினும் சில வருஷங்களாக எனது சரகத்திலுள்ள குடியானவர்களில் சிலர், வேளாண்மையில் மிஞ்சிய பணத்தையும், சில சமயம் மிஞ்சாத பணத்தையுங்கூட, குதிரையில் போடத் தொடங்கியிருக்கிறார்கள். ஆடி மாதத்தில் அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்குப் போய்த் திரும்பியவர்கள், "ஒரு குதிரை இத்தனை லட்சத்திற்கு விலை போயிற்றாமே! நாமும் ஒரு பெட்டையை வாங்கிக் கட்டினால் என்ன?" என்று என்னைக் கேட்கிறார்கள். இக்கேள்விக்கு என் மனதிற்பட்ட விடையை ஒளிவு மறைவின்றிச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் கால்நடை வைத்தியன் அல்லன். நான் பெற்ற டிப்ளோமா விவசாயத்திற்கு உரியது. ஆகையால் நோயையும் மருந்தையும் பற்றி நான் கூறுவன அனைத்தையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். ஆனால் ஒரு பொருளை உற்பத்தி செய்து, தரம் பிரித்து, நியாயமான விலைக்கு விற்பது எப்படி என்பது எங்கள் இலாகாவின் நித்திய வேலை. நெல்லுக்கும் பருத்திக்கும் பொருந்தும் அந்த நியாயம் குதிரைக்கும் பொருந்துமென்பது என் துணிபு.

இங்கே நான் பேசப்போவது சூதாட்டத்தோடு சேர்ந்த பந்தயக் குதிரையைப் பற்றியல்ல. சவாரி விளையாட்டுக்களுக்கு உரிய குதிரையைப் பற்றியே. தடை தாண்டுதல், டிரெஸ்ஸாஜ் என்னும் நடைப் போட்டி, இவ்விரண்டோடு காட்டு வெளியில் ஓடித் தாண்டுவதும் சேர்ந்த ஈவெண்டிங் என்னும் மும்முறைப் போட்டி ஆகியவற்றுக்காகவே மேல்நாடுகளில் குதிரைகளை இனவிருத்தி செய்கிறார்கள். நம் பக்கத்தில் சவாரிப் பள்ளிகளும், வண்டி ஓட்டப் போட்டிகளும், கல்யாண ஊர்வலங்களும் குதிரைக்குத் தேவையை உண்டாக்கியிருக்கின்றன. தேவை சிறிதாயினும் வளர்ந்து வருகிறது என்பதை மறுப்பதற்கில்லை.

நான் கண்ட ஒரு நஷ்டம்

பதினைந்து வருஷங்களுக்கு முன்னர் நடந்த ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எனது சரகத்தில் மூன்று ஏக்கர் தோட்டம் உடைய ஒரு குடியானவர், பால் கறந்துகொண்டிருந்த இரண்டு எருமைகளை விற்று, அந்தப் பணத்தோடு கைமாற்றும் சேர்த்து எடுத்துக்கொண்டு ஒரு சந்தைக்குப் புறப்பட்டார். வேறு வேலையாக அவ்வூருக்குச் சென்றிருந்த என்னையும் துணைக்கு அழைத்தார். நான்கு கால்களும் நெற்றியும் வெளுத்த பஞ்சகல்யாணிப் பெட்டை ஒன்று அங்கே நின்றது. மேனி பளபளத்தது. சுழிகள் எல்லாம் நல்ல இடத்தில் இருப்பதாகத் தரகர் ஒவ்வொன்றாய்த் தொட்டுக் காட்டினார். "ஸார் என்ன சொல்கிறீர்கள்?" என்று அக்குடியானவர் என்னைக் கேட்டார். எனக்குக் குதிரையைப் பற்றி ஒன்றுந் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். உத்தியோகஸ்தன் என்ற கூச்சத்தினால், "நன்றாய்த்தான் இருக்கிறது" என்றேன்.

மூன்றாம் நாள் அக்குதிரை முன்னங்காலை ஊன்ற மாட்டாமல் நின்றது. மருத்துவர் வந்து பார்த்து, அது பழைய நோய் என்றும், விற்ற அன்று வலி தெரியாதிருக்க ஊசி போட்டிருக்கக்கூடும் என்றும் சொன்னார். விற்றவரின் ஊரும் பேரும் எந்தக் காகிதத்திலும் இல்லை. தரகரோ தமக்கு ஒன்றுந் தெரியாதென்று கைவிரித்தார். அடுத்த வருஷம் அப்பெட்டை வாங்கின விலையில் கால் பங்குக்குப் போயிற்று. எருமைகள் திரும்பி வரவில்லை. அக்குடியானவர் இன்றும் என்னைக் கண்டால் கைகூப்பி நலம் விசாரிக்கிறார். ஒரு வார்த்தையும் குறை சொன்னதில்லை. அவர் குறை சொல்லியிருந்தால் எனக்கு இத்தனை வருத்தம் இராது. அதற்குப் பின்னர்தான் நான் குதிரையைப் பற்றிப் படிக்கவும், தெரிந்தவர்களை அண்டிக் கேட்கவும் ஆரம்பித்தேன்.

மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்று நம் பெரியோர் சொல்லியிருக்கிறார்கள். நரியைப் பரியாக்கிப் பாண்டியனுக்குக் கொடுத்த திருவிளையாடலும் நமக்குத் தெரியும். அன்று அது இறைவனுடைய விளையாட்டு. இன்று ஒவ்வொரு சந்தையிலும் அது மனிதர்களால் நடக்கிறது. பகலில் பரியாக வாங்கியது இரவில் நரியாகிவிடுகிறது.

வாங்குவதே நம் வழக்கம்

தமிழ்நாட்டார் குதிரையை வளர்த்ததைக் காட்டிலும் வாங்கியதே அதிகம். சங்க காலத்திலேயே காவிரிப்பூம்பட்டினத்தில் குதிரைகள் கடல்வழியாக வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டைக் கண்டு எழுதிய மார்க்கோ போலோ, அரசர்கள் வருஷந்தோறும் அரேபியாவிலிருந்து பெருந்தொகை கொடுத்துக் குதிரைகளை வாங்கியதையும், சரியான பராமரிப்பு இன்மையால் அவற்றுள் பெரும்பாலானவை மடிந்துபோனதையும் குறித்திருக்கிறார். 1824-இல் கம்பெனி சர்க்கார் ராணுவக் குதிரைகளுக்காக ஓசூரில் ஒரு பண்ணையை நிறுவினார்கள். அது இன்று கால்நடைப் பண்ணையாக இருக்கிறது. அதே நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வேலர் என்னும் குதிரைகள் கப்பல் கப்பலாகச் சென்னையில் வந்திறங்கின. 2023-இல் ஹாங்ஜோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் டிரெஸ்ஸாஜ் குழுப் போட்டியில் இந்தியா தங்கப்பதக்கம் பெற்றது. 1982-இல் டில்லியில் பெற்ற தங்கங்களுக்குப் பின்னர், 41 வருஷங்கள் கழித்துக் குதிரைச் சவாரியில் நமக்குக் கிடைத்த தங்கம் அதுதான். சவாரி செய்தவர்கள் நம்மவர்கள். குதிரைகளோ ஐரோப்பாவில் பழக்கப்பெற்றவை.

பணம் கொடுத்து வாங்குவது பாவமன்று. ஆனால் வாங்கிக்கொண்டே இருப்பவன் விலையைத் தீர்மானிக்க மாட்டான். விற்பவன் சொல்வதே விலை. விற்பவர்கள் அந்த இடத்தை எப்படி அடைந்தார்கள் என்பதை நாம் ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

ஹனோவர்க் குடியானவர்கள்

ஜெர்மனியின் வடபாகத்தில் ஹனோவர் என்னும் பிரதேசம் இருக்கிறது. உலகத்துச் சவாரிப் போட்டிகளில் பேர்பெற்ற ஹனோவேரியன் ஜாதி அங்கே உண்டானது. அதை உண்டாக்கியவர்கள் பிரபுக்கள் மாத்திரம் அல்லர். பெரும்பாலும் ஒன்றிரண்டு பெட்டைகளை வைத்திருந்த சாதாரணக் குடியானவர்கள். ஆகையால்தான் அவ்வரலாறு நமக்குப் பிரயோஜனமானது.

1735-ஆம் வருஷத்தில், ஹனோவருக்கும் இங்கிலாந்துக்கும் அரசராயிருந்த இரண்டாம் ஜார்ஜ், செல்லே என்னும் ஊரில் ஒரு சர்க்கார் பொலிகுதிரை நிலையத்தை ஏற்படுத்தினார். நல்ல பொலிகுதிரையை வாங்கி வைத்துக்கொள்ளக் குடியானவனுக்குச் சக்தி இல்லை. ஆகவே சர்க்கார் பொலிகுதிரையை வைத்துக்கொண்டு, குறைந்த கட்டணத்திற்குக் குடியானவனுடைய பெட்டைக்கு இணைசேர்த்துக் கொடுத்தது. பெட்டை குடியானவனுடையது, குட்டியும் அவனுடையதே. அப்பெட்டை உழவுக்கும் வண்டிக்கும் உழைத்துத் தன் தீவனத்தைத் தானே சம்பாதித்துக்கொண்டது.

1888-இல் வம்சாவளிப் புத்தகம் ஏற்பட்டது. இன்ன தாய்க்கும் இன்ன தகப்பனுக்கும் பிறந்த குட்டி என்பது அன்றுமுதல் எழுத்தில் ஏறியது. 1922-இல் வளர்ப்போர் சங்கம் உண்டாயிற்று. 1928-இல் பொலிகுதிரைகளைச் சோதிக்கும் நிலையம் ஏற்பட்டது. பார்வைக்கு அழகாயிருந்தால் மாத்திரம் போதாது, சேணம் பூட்டி வேலை வாங்கிப் பார்த்துத் தேறினால்தான் இனவிருத்திக்கு உதவும் என்பது முறையாயிற்று. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து டிராக்டர் வந்தது. உழவுக் குதிரைக்கு மதிப்புப் போயிற்று. ராணுவத்திற்கும் குதிரை வேண்டியதில்லை. அந்த ஜாதி அத்துடன் அழிந்திருக்க வேண்டும். ஆனால் எழுதி வைத்த புத்தகம் கையில் இருந்தபடியால், எந்தப் பெட்டையின் வம்சத்தில் தாண்டும் திறமை இருந்தது, எதில் நடை இருந்தது என்று தேடி எடுக்க அவர்களால் முடிந்தது. ஆங்கிலத் தரோபிரெட் பொலிகுதிரைகளையும், கிழக்குப் பிரஷ்யாவின் டிராக்கேனர்ப் பொலிகுதிரைகளையும் அளவோடு சேர்த்து, கனத்த வேலைக் குதிரையை இலேசான சவாரிக் குதிரையாக மாற்றினார்கள். 1949-இல் வெர்டன் என்னும் ஊரில் பகிரங்க ஏலத்தைத் தொடங்கினார்கள்.

1735-க்கும் 1949-க்கும் இடையே 214 வருஷங்கள். பொலிகுதிரை, புத்தகம், சங்கம், சோதனை, ஏலம் என்ற வரிசையைக் கவனியுங்கள். நாமோ கடைசிப் படியாகிய விலையிலிருந்து தொடங்க ஆசைப்படுகிறோம்.

துண்டுக்குள் விரலும் பகிரங்க ஏலமும்

நம் சந்தையில் விலை பேசும் முறையை யாவரும் அறிவர். தரகர் தோளிலுள்ள துண்டை எடுத்துக் கையின்மேல் போட்டுக்கொண்டு, அதற்குள் விரல்களைப் பிடித்து விலை பேசுகிறார். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றுந் தெரியாது. சில வேளைகளில் விற்பவனுக்கு ஒரு விலையும் வாங்குபவனுக்கு ஒரு விலையும் ஆகிறது. இதனால் வரும் பெரிய தீங்கு, தரகர் எடுத்துக்கொள்ளும் பணம் அன்று. எந்தக் குணத்திற்கு என்ன விலை கிடைத்தது என்பது ஊருக்குத் தெரியாமற் போவதே பெரிய தீங்கு. நல்ல பெட்டையை வைத்து, நல்ல பொலிகுதிரையோடு சேர்த்து, குட்டியை ஒழுங்காக வளர்த்தவனுக்கு அதிக விலை கிடைத்தது என்று பக்கத்து வீட்டுக்காரன் அறிந்தால் அல்லவோ அவனும் அவ்வாறு செய்ய முயலுவான்? துண்டுக்குள் மறைந்த விலை எவனுக்கும் பாடம் ஆவதில்லை.

வெர்டன் ஏலத்தில் விற்பனைக்கு வரும் குதிரைகளைச் சங்கத்தார் முன்கூட்டியே தேர்ந்தெடுக்கிறார்கள். சவாரிக் குதிரைகள் ஏலத்திற்கு முன்னர்ச் சில வாரங்கள் அங்கேயே கட்டப்பட்டுப் பழக்கப்படுகின்றன. வாங்க விரும்புவோர் போய்ப் பார்க்கலாம்; ஏறியும் பார்க்கலாம். மருத்துவருடைய அறிக்கையையும் எக்ஸ்ரே படங்களையும் கேட்டு ஆராயலாம். பிறகு அனைவரும் அறிய ஏலம் கூறி விலை தீர்கிறது. விற்ற குடியானவனுக்கும் வாங்கின பிரபுவுக்கும் தெரிந்த விலை ஒன்றே.

குதிரைக்கு வைக்கும் பெயரிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஹனோவேரியன் பொலிகுதிரைக்குப் பெயரிடும்போது தகப்பன் பெயரின் முதலெழுத்தையே அதன் பெயருக்கும் முதலெழுத்தாக வைப்பது வழக்கம். பெயரைக் கேட்டவுடனே வம்சம் இன்னதென்று தெரிந்தவர்கள் ஊகித்துக்கொள்வார்கள்.

தாயைப் போலப் பிள்ளை

குதிரை வளர்க்க விரும்பும் நம்மவர்கள் பொலிகுதிரையைப் பற்றியே பேசுகிறார்கள். அதன் உயரம், அதன் காது, அதன் நிறம் இவைகளே பேச்சு. பெட்டையைப் பற்றிக் கேட்டால், "ஏதோ ஒன்று இருக்கிறது" என்கிறார்கள். இது தலைகீழான முறை. குட்டிக்குப் பாதிக் குணம் தாயினிடமிருந்து வருகிறது. அன்றியும் ஆறு மாதம் தாயின் பக்கத்திலேயே நின்று அதன் சுபாவத்தைப் பார்த்துப் பழகுகிறது. நூலைப் போலச் சேலை, தாயைப் போலப் பிள்ளை என்பது குதிரைக்கும் உண்மை. நொண்டியான பெட்டையைச் சவாரிக்கு உதவாதென்று இனவிருத்திக்கு ஒதுக்குகிறார்கள். விபத்தினால் நொண்டியானதாயின் பாதகமில்லை. கால் அமைப்பின் குற்றத்தினால் நொண்டியானதாயின், அக்குற்றத்தையும் சேர்த்தே விருத்தி செய்கிறோம்.

ஆண் குட்டிகள் விஷயத்தில் நேர்மாறான தவறு நடக்கிறது. காயடிப்பது பாவமென்றும் மதிப்புக் குறைவென்றும் எண்ணி, பிறந்த ஆண் குட்டிகளையெல்லாம் பொலிகுதிரையாகவே விட்டு வைக்கிறார்கள். ஹனோவரில் நூற்றுக்கு மிகச் சிலவே பொலிகுதிரையாகத் தேறும். மற்றவை காயடிக்கப்பட்டுச் சாதுவான சவாரிக் குதிரைகளாகி நல்ல விலைக்குப் போகின்றன. சவாரி பழகும் ஒரு சிறுமியைப் பொலிகுதிரைமேல் ஏற்ற எந்தத் தகப்பன் சம்மதிப்பான்? காயடித்த குதிரைக்கே சந்தை விரிவானது என்பதைக் குடியானவர்கள் உணர வேண்டும்.

இனி வரவு செலவைப் பார்ப்போம். இணைசேர்ந்த நாளிலிருந்து குட்டி பிறக்க ஏறக்குறைய 11 மாதம். மூன்று வயதுக்கு முன்னர்ச் சேணம் பூட்டி ஆளை ஏற்றுவது முதுகுக்கும் காலுக்கும் தீங்கு. பழக்கி விற்கும்போது வயது நான்கு. ஆக, இணைசேர்த்த நாளிலிருந்து பணம் கைக்கு வர ஐந்து வருஷம். 400 கிலோ எடையுள்ள பெட்டைக்கு, எடையில் நூற்றுக்கு 2 பங்கு வீதம், நாளொன்றுக்கு 8 கிலோ உலர்தீவனம் வேண்டும். வருஷத்திற்கு 2,920 கிலோ. பால் மறந்த குட்டிக்கு நாளொன்றுக்குச் சராசரி 6 கிலோ என்று வைத்தால், மூன்றரை வருஷத்தில் ஏழரை டன்னுக்கு மேல் ஆகிறது. பசும்புல்லாகக் கொடுத்தால் அதில் முக்கால் பங்கு நீராதலால் எடை நான்கு மடங்காகும். பூஞ்சணம் பிடித்த வைக்கோலைக் கொடுத்து ஒப்பேற்ற முடியாது. குதிரையினால் வாந்தி எடுக்க இயலாதாகையால், வயிற்றுவலி கண்டால் உயிருக்கே ஆபத்து. லாடம், பூச்சி மருந்து, ஜன்னி நோய்த் தடுப்பூசி, ஆள் கூலி இவையெல்லாம் வேறு.

ஆகையால் என் அபிப்பிராயத்தைத் தெளிவாகவே சொல்லுகிறேன். இறவைத் தீவனம் இல்லாதவரும், ஐந்து வருஷம் காத்திருக்கச் சக்தி இல்லாதவரும் குதிரை வளர்ப்பில் இறங்கலாகாது. எருமையை விற்றுக் குதிரை வாங்கலாகாது. எருமை நாளைக் காலையில் பால் கொடுக்கும்.

வாங்குவோர் கவனிக்க

வாங்கியே தீரவேண்டும் என்போருக்குச் சில குறிப்புகள். சந்தைக்கு விடியற்காலையில், குதிரையை அவிழ்த்து நடத்துவதற்கு முன்னரே போக வேண்டும். உடம்பு சூடேறினால் சில நொண்டிகள் மறைந்துபோகும். கல்லும் மணலும் இல்லாத கெட்டித் தரையில், கயிற்றைத் தளர்த்திப் பிடித்து நேராக ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். முன்னங்காலில் வலியிருந்தால், அக்கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும். நிற்கும்போது ஒரு முன்னங்காலை அடிக்கடி முன்னே நீட்டி வைப்பதும் சந்தேகத்திற்கு இடமானது. வயதைப் பல்லில் பார்க்க வேண்டும். நடு முன்பற்கள் இரண்டரை வயதிலும், அதற்கடுத்தவை மூன்றரையிலும், ஓரத்தவை நாலரையிலும் விழுந்து முளைக்கும்; ஐந்து வயதில் வாய் நிறையும். அதற்கு மேற்பட்ட வயதைப் பல்லால் அறுதியிட்டுக் கூறுவது அரிது. பல்லை அராவி வயதை மறைப்போரும் உண்டு.

முதலில் விற்பவரே ஏறி ஓட்டிக் காட்டட்டும். அதன்பின் நீங்கள் ஏறலாம். சொல்லாமல் கொள்ளாமல் மறுநாளும் ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது. மருத்துவரைக் கொண்டு இரத்தம் எடுத்து வைக்கச் சொன்னால், வலி மறைக்கும் ஊசி போட்டவர் முகம் மாறும். கிளாண்டர்ஸ் நோய் இல்லையென்ற சோதனைச் சீட்டைக் கட்டாயம் கேளுங்கள். அது மனிதருக்கும் தொற்றுவது. கண்ட குதிரையைக் கொன்று புதைப்பதே சட்டம். நரிப் பரிகள் நள்ளிரவில் லாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் கொன்றனவாம். நோயோடு வந்த ஒரு குதிரையும் அதையே செய்யும்.

சுழி பார்ப்பதை நான் பழிக்கவில்லை. அது நம் முன்னோரின் நம்பிக்கை, விருப்பமுள்ளவர் பார்க்கட்டும். ஆனால் காலைப் பார்த்த பின்னர்ச் சுழியைப் பாருங்கள். இக்காலத்தில் கைப்பேசியில் வந்த படத்தைப் பார்த்தே அச்சாரம் அனுப்புவோரும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் குறிப்பு ஏதும் இல்லை.

ஏட்டுச் சுரைக்காயா?

"புத்தகமும் சீட்டும் ஏட்டுச் சுரைக்காய், கறிக்கு உதவாது" என்று அனுபவஸ்தர் சிலர் கூறுவர். அவர்களுக்குச் சாதகமான உதாரணங்களும் உண்டு. அமெரிக்காவில் ஹாரி டி லேயர் என்பவர் 1956-இல் அடிமாட்டு லாரியைப் போன்ற ஒரு வண்டியில் ஏற்றப்பட்டிருந்த ஏர்க் குதிரையொன்றை 80 டாலருக்கு வாங்கினார். ஸ்னோமேன் என்ற அக்குதிரை 1958-இல் தேசத்தின் முதன்மையான தாண்டு குதிரையாயிற்று. ஜெர்மனியின் ஹல்லா என்ற பெட்டையினுடைய தாயின் வம்சம் யாருக்கும் தெரியாது. ஆயினும் அது 1956-இல் காயமுற்ற வீரர் ஹான்ஸ் குந்தர் விங்க்லரைச் சுமந்து தடைகளைத் தாண்டி ஒலிம்பிக் தங்கம் பெற்றுத் தந்தது. இவ்வுண்மைகளை நான் மறுக்கவில்லை. ஆனால் ஹல்லா ஈன்ற குட்டிகளுள் ஒன்றாவது தாயின் புகழை எட்டவில்லை. ஸ்னோமேனின் திறமையும் அது வேலியைத் தாண்டித் தாண்டி ஓடிவந்ததைக் கண்ட பிறகே தெரிந்தது. அதுவும் ஒருவிதச் சோதனைதானே? அதிர்ஷ்டத்தை நம்பி ஒருவன் ஒருமுறை ஜெயிக்கலாம். ஒரு ஜில்லாவின் குடியானவர்கள் அதை நம்பிப் பிழைக்க முடியாது.

புத்தகம் உள்ள இடத்திலும் நஷ்டம் உண்டு. ஹாலந்தில் 2000-இல் பிறந்த டோட்டிலாஸ் என்னும் பொலிகுதிரை 2010-இல் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்று, பின்னர்ப் பெருந்தொகைக்கு ஜெர்மனிக்கு விற்கப்பட்டது. அங்கே காயங்களால் பலகாலம் போட்டிக்கு வர இயலாமல் 2015-இல் ஓய்வு பெற்று, 2020-இல் வயிற்றுவலியால் இறந்தது. எவ்வளவு எழுதினாலும் குதிரை உயிருள்ள பொருளே.

இருந்தாலும் புத்தகத்தின் அருமையை ஒரு நோய் நன்றாக விளக்குகிறது. ஐரோப்பியச் சவாரிக் குதிரைகளிடத்தில் தோல் கிழிந்து குட்டி பிழைக்காமற் போகும் ஒரு பரம்பரை நோய் உண்டு. தாயும் தகப்பனும் வெளிக்குச் சுகமாயிருந்து, இருவரும் அந்தக் குற்றத்தை உள்ளே சுமந்தால், நான்கு குட்டிகளில் ஒன்றுக்கு நோய் வரக்கூடும். மயிர்க்காலைச் சோதித்து அதை அறியும் வழி இப்போது இருக்கிறது. குற்றம் சுமக்கும் பேர்பெற்ற பொலிகுதிரைகள் இன்னவை என்பது வெளியாயிற்று. அத்தகைய இரண்டையும் சேர்க்காமல் தவிர்த்துக்கொள்கிறார்கள். நல்லதை எழுதும் புத்தகம் கெட்டதையும் எழுதினால்தான் அதற்கு மதிப்பு. ஏட்டுச் சுரைக்காய் என்பது பார்க்காமல் எழுதியது. ஓட்டிப் பார்த்து எழுதியதற்குப் பெயர் கணக்கு.

செய்யத் தக்கவை

முடிவாக, சர்க்காருக்கும் குடியானவர்களுக்கும் என் யோசனைகள் இவை. முதலாவது, குதிரை வளர்ப்போர் ஒரு தாலூகாவுக்கு ஒரு சங்கமாகச் சேர்ந்து ஒரு பதிவேடு வைக்க வேண்டும். குட்டி பிறந்த தேதி, தாய், தகப்பன், தோலின்கீழ்ச் செலுத்திய மைக்ரோசிப்பின் எண், கண்ட நோய், விற்ற விலை இவ்வளவும் அதில் ஏற வேண்டும். இதற்குச் செலவு அதிகமில்லை. வெட்கப்படாமல் உண்மை எழுதும் மனமே வேண்டும். இரண்டாவது, தனித்தனியாக மானியம் கொடுப்பதைவிட, சோதித்துத் தேர்ந்த இரண்டொரு மார்வாரி, கத்தியவாரிப் பொலிகுதிரைகளைச் சர்க்கார் வைத்து, பதிவான பெட்டைகளுக்கு மாத்திரம் குறைந்த கட்டணத்தில் உதவினால் போதும். இந்திய நாட்டுக் குதிரைகளைப் பற்றி ஆராயும் தேசிய நிலையம் ஹிசாரிலும், அதன் கிளை பிக்கானிரிலும் இருக்கின்றன. அவர்களுடைய ஆலோசனையைப் பெறலாம். மூன்றாவது, வருஷத்தில் ஒருநாள், மூன்று நான்கு வயதுக் குதிரைகளை ஓரிடத்தில் கூட்டி, நடை, ஓட்டம், தாண்டல், அறியாத ஆள் ஏறினால் அடங்கும் குணம் ஆகியவற்றுக்கு மார்க்குப் போட்டுப் பலகையில் எழுதிவிட வேண்டும். நான்காவது, சந்தையில் கெட்டித் தரையிட்ட ஒரு வட்டமும், ஒரு மருத்துவரும், பதிவுள்ள குதிரைகளுக்கு ஒரு பகிரங்க ஏலமும் ஏற்படுத்த வேண்டும். துண்டு போட்டுப் பேச விரும்புவோர் பக்கத்தில் பேசிக்கொள்ளட்டும். அவர்களைத் தடுக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று வருஷத்தில் எந்தப் பக்கம் கூட்டம் சேருகிறதென்று பார்ப்போம்.

வெளிநாட்டுச் சந்தையையும் சிலர் கனவு காண்கிறார்கள். 2025-இல் மீரட் ராணுவ முகாமிலுள்ள நிலையத்தைக் குதிரை நோய்கள் நீங்கிய பகுதியாக உலகக் கால்நடைச் சுகாதார ஸ்தாபனம் அங்கீகரித்தது; நம் நாட்டிலிருந்தே குதிரையைச் சர்வதேசப் போட்டிக்கு அனுப்ப அது ஒரு வழி திறந்திருக்கிறது. நல்ல செய்திதான். ஆயினும் அயலூரான் நம் குதிரையை நம்புவதற்கு முன்னர், அடுத்த ஊரான் நம்ப வேண்டும்.

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருகிறேன். குதிரையின் விலை அதன் நிறத்தில் இல்லை, சுழியில் இல்லை, தரகரின் துண்டுக்குள்ளும் இல்லை. "இக்குதிரைக்கு இன்ன குற்றம் உண்டு" என்று விற்பவன் தானே எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கும் காகிதத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு காகிதம் அன்று அந்தப் பஞ்சகல்யாணிக்கு இருந்திருக்குமாயின், என் சரகத்தில் இரண்டு எருமைகள் கொட்டிலிலேயே நின்றிருக்கும். அடுத்த ஆடிச் சந்தைக்குப் புறப்படும் குடியானவர்கள் என்னைத் துணைக்கு அழைத்தால் வரச் சித்தமாயிருக்கிறேன். ஆனால் தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுவேன். உடன் ஒரு கால்நடை மருத்துவரையும் அழைத்து வருவேன்.